சாம்பிள் அக்காவின் மழைக்கோட்டு

சாம்பிள் அக்கா காலையில் வேலைக்கு வந்தபோது அவளுடைய தையல் மெஷினுக்குப் போக வழியில்லை. நடுவில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே வேண்டாம். மேல் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது; அதிலிருந்து ஒரு பச்சை மழைக்கோட்டின் கை தும்பிக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க பிள்ளைங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள் காஜா. பக்கத்து மெஷினில் பித்தான் துளை எடுப்பவள். வேலையின் பேரே அவளுக்கும் பேராகிவிட்டது. அவள் வாய் மெஷினைவிட வேகமாக ஓடும்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"நான் பாத்துக்கிறேன். நீங்கதான் பெட்டியைத் தாண்டிக் குதிக்கணும்."

குதிக்கிற மனநிலையில் அக்கா இல்லை. ஒரு பெட்டியைக் காலால் தள்ளி, இன்னொன்றை இடுப்பால் நகர்த்தி, வழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்பெனிக்கு எந்த உடுப்பு புதிதாக வந்தாலும் சாம்பிள் என்கிற முதல் உருப்படியைத் தைப்பது அவள்தான். யாரோ எங்கோ வரைந்த படம் வரும். அதைப் பார்த்து வெட்டி, தைத்து, தப்புக் கண்டுபிடித்து, பிரித்து, மறுபடி தைத்து மேஜைமேல் வைப்பாள். அதோடு அது அவள் கையை விட்டுப் போய்விடும். கடையில் வேறு யாருடைய பேரையோ கழுத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும். தெருவில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால், 'தோள் இறக்கத்தைச் சரி பண்ணினது நான்தான்' என்று வழிமறித்துச் சொல்லவா முடியும்? வருஷக்கணக்கில் ஊரார் படத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குச் சொந்த மூளையிலிருந்து வந்தது இந்த மழைக்கோட்டு ஒன்றுதான்.

அது பஸ் படியில் பிறந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் ஒரு கையில் ஈரக் கோட்டும் மறு கையில் உருளைக்கிழங்குப் பையுமாக ஏறப் போனாள். படியில் கால் வைத்ததும் பையின் காது அறுந்தது. கிழங்கெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் உருண்டு ஓடியது. பின்னால் நின்றவர்கள், "ஏம்மா, ஏறுறியா, பொறுக்குறியா?" என்று கத்தினார்கள். அவள் கோட்டின் இரண்டு கைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கிடைத்த கிழங்கை அதற்குள் அள்ளிப் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. யோசனை கிடைத்தது.

பிறகு வேலை முடிந்து எல்லாரும் போனபின் மிச்சத் துணியில் தைத்துத் தைத்துப் பார்த்தாள். இடுப்பருகே உள்பக்கம் ஜிப் வைத்த ஒரு பெரிய பாக்கெட். அதற்குள் கையை விட்டு, அடியில் இருக்கும் வளையத்தைப் பிடித்து, கோட்டை ஒரு சுற்று சுற்றி ஒரே இழுப்பு. மொத்தக் கோட்டும் பாக்கெட்டுக்குள் புரண்டு பையாகிவிடும். கோட்டின் கைகள் இரண்டும் வெளியே நின்று தோளில் மாட்டும் பட்டையாகிவிடும். அதே மாதிரி திருப்பி இழுத்தால் மறுபடியும் கோட்டு. அவள் செய்து காட்டியபோது முதலாளி, "இன்னொரு தடவை பண்ணு" என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு பெரிய கடை, விற்றுப் பார்க்கிறோம் என்று கொஞ்சம் வாங்கிக்கொண்டது.

அந்தக் கொஞ்சம்தான் இப்போது பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்திருந்தது.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார். "என்னம்மா இது? ஒருத்தருக்குக்கூட பையா மாறலையாம். ஒரு கை உள்ள போகுது, ஒரு கை வெளிய நிக்குது. தையல்ல கோளாறுன்னு சொல்றாங்க."

தையலைச் சொன்னதும் அக்காவுக்குச் சுருக்கென்றது. பெட்டியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் பை. "இதோ, மாறுதே சார்!"

"உனக்கு மாறுது."

"நீங்க பண்ணுங்க. எல்லாருக்கும் மாறும்."

அவர் கையை விட்டார், பிடித்தார், சுற்றினார், இழுத்தார். தும்பிக்கை தொங்கியது. ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது.

"அப்படி இல்ல சார். வளையத்தைப் பிடிச்சு, ஒரு சுத்து சுத்தி இழுங்க."

"அதைத்தானே பண்றேன்!"

"பண்ணலையே சார்."

காஜா எழுந்து வந்து முயன்றாள். அவளுக்கும் வரவில்லை. "அக்கா, இது கோட்டா, கோட்டு வேஷத்துல வந்த சனியனா?" என்று மேஜைமேல் போட்டாள்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை கடையிலிருந்து அந்தம்மா வர்றாங்க. அவங்க கையில இது பையா மாறணும். இல்லேன்னா இத்தோட மூட்டை கட்டிடலாம். நீயும் பழையபடி படத்தைப் பார்த்துத் தைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம். வேணும்னா எப்படிப் பண்றதுன்னு போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டு வா, பாப்போம்."

நிம்மதியாம். அன்று முழுக்க அவளுக்கு ஊசி முறிந்தது, நூல் அறுந்தது. இழுக்கத் தெரியாத ஜனங்களுக்குப் போய்த் தைத்தேனே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் நாத்தனார் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். அண்ணி தைத்து, பையாக மாற்றிக் கொடுத்த கோட்டைப் பெருமையாக அங்கே கொண்டுபோயிருந்தாள்.

"அண்ணி, உங்க அதிசயக் கோட்டு இருக்கே! மழை வந்துச்சு. பையைக் கோட்டா மாத்துறதுக்குள்ள மழையே விட்டுடுச்சு!"

"உனக்குப் பொறுமை இல்ல."

"பொறுமையா? பஸ் ஸ்டாப்ல இருந்தவங்கெல்லாம் பாவம்னு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தாங்க, தெரியுமா?"

கணவன் அதை வாங்கிப் பார்த்தான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். "லிஃப்ட்ல மாட்டுற ஆளுங்களையே வெளிய எடுத்துடறேன். இந்தக் கையை எடுக்க முடியலையே!"

"உங்க குடும்பத்துக்கே கைவேலைன்னா என்னன்னு தெரியாது. போனை எடுங்க. நான் பண்றேன், நல்லா கிட்ட வந்து எடுங்க. அதைப் பார்த்தும் வரலேன்னா அவங்க கோட்டே போட வேண்டாம்."

சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று, குழந்தைக்குச் சொல்வது மாதிரி மெதுவாக, ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். எடுத்து முடித்ததும் மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அவள் தன் கைகள் வேலை செய்வதை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. திரையில் அவை வேறு யாருடையவோ போல இருந்தன. வலது கை கோட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றது. பாக்கெட்டுக்குள் நுழைந்தது, வளையத்தைப் பிடித்தது, சுற்றி இழுத்தது எல்லாம் இடது கை.

"கண்ணாடி மாதிரி எடுத்துட்டீங்க" என்றாள். "இடது வலதா மாறித் தெரியுது. திருப்பி எடுங்க."

"கண்ணாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்னால சுவத்துல காலண்டர் எழுத்து நேராத்தானே இருக்கு?" கணவன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "ஏய், நீ இடது கையா?"

"இல்லையே."

"எழுதுறது?"

"வலது."

"கத்தரிக்கோல்?"

"வலதுதாங்க!"

"அப்ப இது?"

எழுதுகிற கையைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் மாற்றினாள். பரிமாறுகிற கையை அம்மா மாற்றினாள். கத்தரிக்கோல்கள் எல்லாம் வலது கைக்கே செய்யப்பட்டிருந்ததால் அதுவும் தானாக மாறியது. இந்த இழுப்பை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே யாரும் மாற்றவும் இல்லை. தலை தூக்க இடம் கிடைத்ததும் இடது கை சத்தமில்லாமல் வந்து தனக்குத் தோதாகக் கோட்டையே தைக்க வைத்திருக்கிறது.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரு இடதுகைக்காரி நம்ம வீட்ல ஒளிஞ்சிருந்திருக்கா, அண்ணா!" நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவனும் சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையெல்லாம் கையாலாகாதவர்கள் என்று திட்டியாயிற்று. இப்போது யாரைத் திட்டுவது?

மறுநாள் தன்னுடைய சொந்தக் கோட்டைப் பிரித்தாள். முதன்முதலாகத் தைத்தது, தினமும் சாப்பாட்டு டப்பாவைப் போட்டுக்கொண்டு வருவது. அளவெல்லாம் சரியாக இருந்தது அது ஒன்றில்தான். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு, சாக்குக்கட்டியால் கோடு வரைந்தாள். பாக்கெட் மறுபக்கம் போனது. ஜிப் திரும்பியது. வளையம் இடம் மாறியது. சாயங்காலத்துக்குள் புதுக்கோட்டு தயார்.

காஜா முதல் இழுப்பிலேயே பையாக்கிவிட்டாள். "அக்கா! வந்துடுச்சு!" என்ற கூச்சலில் லைனில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். கை மாறிக் கை மாறிப் போய் எல்லாரிடமும் பையானது, எல்லாரிடமும் கோட்டானது. முதலாளி விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அது அக்காவிடம் வந்தது. வலது கையை விட்டாள். அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடது கையை விட்டாள், தும்பிக்கை தொங்கியது. யாரும் பார்ப்பதற்குள் உதறி மடித்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடையம்மா வந்தார். நின்றபடியே வாங்கி, ஒரே இழுப்பில் பையாக்கி, தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றார். "அட, இவ்வளவு சுலபமா! இதுக்கா அத்தனை பேர் திருப்பிக் கொடுத்தாங்க? யாரோட யோசனை?"

"எங்க சாம்பிள் டெய்லர்தான்" என்று முதலாளி அவளை முன்னால் தள்ளினார்.

"அப்ப நீங்களே பண்ணுங்க, நான் வீடியோ எடுத்துக்கறேன். உங்க பேரோட கடையில போடுவோம்."

பேரோடு! கடையம்மா போனை உயர்த்திப் பிடித்தார். அக்கா வலது கையை உள்ளே விட்டாள், வளையம் அகப்படவில்லை. அகப்பட்டபோது எந்தப் பக்கம் சுற்றுவது என்று நின்றாள். இழுத்தாள். ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது, ஒன்று ஆடியது. ஜிப் கடித்தது.

"பதற்றம் போல" என்றார் கடையம்மா, நல்ல மனசோடு.

"தையல்தான் அவங்களுக்கு நல்லா வரும்" என்று முதலாளி சமாளித்தார். "காஜா, நீ வாம்மா. நீ பண்ணு."

காஜா முடியை ஒதுக்கிக்கொண்டு வந்து, சிரித்தபடி பண்ணினாள். வீடியோ அழகாக வந்தது. கடையம்மா ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"காஜா பேரையா போடுவாங்க?" என்று அக்கா முதலாளியிடம் கேட்டாள்.

"பேரெல்லாம் எதுக்கும்மா? ஆர்டர் கிடைச்சுதுல்ல?"

"சார், கொஞ்சம் இடது கைக்காரங்களுக்கும் வைக்கலாமே. தைச்சதே பெட்டி பெட்டியா இருக்கு."

"இது இந்தக் கைக்கு, அது அந்தக் கைக்குன்னு சொல்லி விக்க முடியுமா? ஜனங்க குழம்பிடுவாங்க. எல்லாத்தையும் பிரிச்சுத் துணியா ஸ்டோர்ல சேர்த்துடு. நீ பிரிச்சாத்தான் சேதமில்லாம வரும்."

"அப்ப ஒண்ணு நான் எடுத்துக்கறேன். என்னோடதைத்தான் பிரிச்சுட்டேனே."

"ஒண்ணு கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"யாரு சார் கேப்பாங்க? யாருக்கும்தான் வரலையே!"

அவர் ஏற்கனவே போனில் யாரிடமோ ஜிப் விலை பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மணி அடித்ததும் அக்கா பெட்டியிலிருந்து ஒரு பச்சைக் கோட்டை எடுத்தாள். இடது கை தானாகப் போய் ஒரே இழுப்பு. டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் உள்ளே போட்டு, தோளில் மாட்டி, நேராக வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் பைகளைத் திறந்து பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். "அக்கா, இது கம்பெனிச் சரக்காச்சே. சீட்டு இல்லாம பையை விடக் கூடாதுன்னு உத்தரவு."

"பையைத்தானே?"

"ஆமா."

"கொஞ்சம் இதைப் பிடிங்க." டப்பாவையும் பாட்டிலையும் கூட்டையும் எடுத்து அவர் கைகளில் வைத்தாள். பாக்கெட்டுக்குள் இடது கை போனது. ஒரு சுற்று, ஒரு இழுப்பு. உதறிப் போட்டுக்கொண்டு கழுத்துப் பித்தான்வரை மாட்டினாள். "இப்ப எங்க பை?"

வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "போட்டிருக்கிற துணியைக் கழட்டச் சொல்லி உத்தரவு இல்ல" என்றார் அவர் கடைசியில். "ஆனா இதையெல்லாம் எதுலக்கா கொண்டு போவீங்க?"

அவள் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கி, பாட்டிலை ஒரு கையிலும் கூட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழை இல்லை, மேகம்கூட இல்லை. சாய்ந்த வெயில் முகத்தில் அடித்தது. பஸ் ஸ்டாப்வரை கம்பெனிச் சுவர் நீண்டு கிடந்தது. அதன் மாடியில் முதலாளியின் ஜன்னல். கோட்டுக்குள் வேர்வை முதுகில் ஓட, கக்கத்து டப்பா நழுவ நழுவ, அவள் ஒரு பித்தானைக்கூடத் தளர்த்தாமல் போய்க்கொண்டிருந்தாள்.