மிதிக்கச் சொல்லு, விடச் சொல்லு

என் அப்பாவும் தாய்மாமாவும் ஒன்றரை வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. சுங்காய் ஊரில் வீடு வாங்கிய மாமா, கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல், பத்திரிகையைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டார். கீழே இரண்டு கும்பிடும் கைகள் வேறு. "வீட்டு மாப்பிள்ளைய போன்லயா கூப்புடுவான்?" என்று அப்பா கொதித்தார். கூப்பிட்டும் வரவில்லையே என்று மாமாவும் முறுக்கிக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டவள் நான். எனக்கு ஒன்பது வயது. அம்மாவைப் பார்க்க மாமா வரும்போது இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "ஒங்கப்பா சாப்பிட்டாச்சானு கேளு பாப்பா" என்பார் மாமா. நான் கேட்பேன். "ஆச்சுனு சொல்லு" என்பார் அப்பா. சொல்வேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் இல்லாவிட்டால் வீட்டில் ஒன்றுமே நடக்காது என்ற நினைப்பு.

அம்மா பள்ளி வேன் ஓட்டினார். என்னைவிட வயதில் மூத்த டீசல் வேன். பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது பிரேக் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. மறுநாள் காலையிலேயே வாகனப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் வேன் வாசலிலேயே நிற்கும். பிள்ளைகளின் பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். அம்மா நேரே மாமாவுக்குப் போன் போட்டார். டீசல் என்ஜின், பிரேக் வேலை என்றால் எங்கள் குடும்பத்தில் மாமாதான்.

மாமா வந்தார், வேனுக்கடியில் படுத்தார், பிரேக் குழாய்களை மாற்றினார். குழாயை மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறிய திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் பெடலை விட்டால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

"எனக்கு அடுப்புல வேல கெடக்கு. ஒங்க மச்சானும் நீங்களும் பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது கடையில் வாங்கிய ரொட்டி சானாய்.

அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மாமா பின்சக்கரத்தருகே மல்லாந்தார். இடையில் நான்.

"மிதிக்கச் சொல்லு."

ஓடினேன். "அப்பா, மிதிக்கணுமாம்."

"மிதிச்சு எவ்வளவு நேரமாச்சுனு சொல்லு."

ஓடினேன். மாமா திருகைத் திறந்து மூடினார். "விடச் சொல்லு." அந்தச் செய்தியோடு நான் போய்ச் சேர்வதற்குள் மாமா அடுத்த சுற்றுக்குத் திருகைத் திறந்திருப்பார், அப்பா அப்போதுதான் காலை எடுப்பார். போதாக்குறைக்கு, "ஒழுங்கா வேல தெரியுமானு கேளு", "கால்ல பலம் இருக்கானு கேளு" என்று இலவச இணைப்புகள். அவற்றையும் ஒன்றுவிடாமல் கொண்டுசேர்த்தேன். கடமை என்றால் கடமை. நாலு சக்கரமும் முடிந்தபோது எனக்குக் கால் கழன்றுவிட்டது.

வேலை முடிந்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வேன் நகரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாலு பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு அம்மாவே ஏறினார். நான் பக்கத்து இருக்கையில். அப்பா ஒருபுறம், மாமா மறுபுறம் நின்றார்கள். அம்மா பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அது சொதசொதவென்று தரைவரை போய்வந்தது. இருபுறமும் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார்.

எங்கள் தெரு லேசான இறக்கம். பழங்கள் நசுங்கின. வேன் நிற்கவில்லை. நடக்கிற வேகத்தில், எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டியின் பூச்சட்டிகளை நோக்கி உருண்டது. அவர் "ஐயோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"மச்சான்! பிரேக் பிடிக்கல!" என்று அலறினார் அப்பா.

"கல்லு! கல்லப் போடுங்க மச்சான்!"

"எந்தப் பக்கம்டா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னா லா, போடுங்க!"

சட்டிகளுக்கு ஒரு முழம் முன்னால் வேன் சட்டென்று நின்றது. அப்பா கையில் கல்லோடு நின்றார். மாமா மூச்சு வாங்கினார். "மூடறதுக்குள்ள ஏன் மச்சான் கால எடுத்தீங்க?" "எடுக்காதனு நீ சொன்னியாடா?" ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்கள். அப்புறம் யார் முதலில் சிரித்தார்களோ தெரியாது, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுபடி காற்று எடுத்தார்கள். "மிதிங்க மச்சான்." "ம்." "விடுங்க." அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் வேன் தேறிவிட்டது. என்னை மட்டும் யாரும் கூப்பிடவே இல்லை. வேலை போன துக்கத்தில் எனக்கு அழுகையே வந்தது.

அம்மாவின் இடது கை மட்டும் நினைவிருக்கிறது. வேன் உருள ஆரம்பித்த நொடியிலிருந்தே அது ஹேண்ட் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அவர்கள் இருவரும் மாறி மாறி மச்சான் போட்ட பிறகுதான் அதை இழுத்தார். பாவம், அம்மா பயத்தில் விறைத்துப்போய்விட்டார் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா அதை நிதானமாகக் குடித்தார்.