ஆளுக்கு ஒரு பதில்

மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் வந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஆபீஸ் மெயில் எல்லாவற்றையும் வைத்திருந்த அந்தச் சர்வர் நின்றது. கறுப்பு நிறம், முழங்கால் உயரம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். உள்ளே விசிறி எந்நேரமும் முனகிக்கொண்டே சுற்றும். முனகல் கூடிவிட்டால் மேனேஜரம்மா தன் இடத்திலிருந்து எழுந்து இறங்கி வந்து அதன் தலையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் அடங்கிவிடும். தட்டியதால் அடங்கியதா, தானாக அடங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போனபிறகு நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அடங்கும், ஒருமுறை அடங்காது.

நாங்கள் வேலை பார்த்தது சிம்மக்கல்லில் ஒரு மொத்த விற்பனைக் கடையில். கிணற்று மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் வேண்டிய உதிரிப் பாகங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் கிளைகள். கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான்தான். எல்லாவற்றுக்கும் என்றால், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பதிலிருந்து முதலாளியின் பேரனுக்கு விளையாட்டு ஏற்றித் தருவதுவரை. திருநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மேனேஜரம்மாவாகத்தான் இருக்கும். கோச்சடையிலிருந்து வருகிறவர், எனக்கு முன்னாலேயே வந்து, மேசைமேல் இருந்த மாதா படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "பஸ்ஸ நீ பிடிச்சியா, பஸ்ஸு உன்னயப் பிடிச்சிச்சா?" என்று கேட்பார்.

கிளைகளுக்கு மெயில் போடப் பழக்கியது அவர்தான். சரக்கு வந்தாலும் போனாலும் எல்லாரும் எல்லாருக்கும் மெயில் போடவேண்டும், அதில் அவர் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது சட்டம். "நான் பாக்காம இந்த ஆபீஸ்ல ஒரு ஆணி நகரக்கூடாது" என்பார். அதனால் நடந்தது என்னவென்றால், மேலூரும் உசிலம்பட்டியும் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் ஒரு பெட்டிக்காக ஊரே பார்க்க மெயிலில் சண்டை போட்டார்கள். அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை விட்டுவிட்டு, அப்புறம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வார். எழுத்திலும் அவர் பேசுவது மாதிரியேதான் இருக்கும். 'மேலூருக்குப் பாதி, உசிலம்பட்டிக்குப் பாதி, ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க.' எல்லாரும் அடங்கிவிடுவார்கள். எனக்கு அந்த மெயில்களைப் படிப்பதில் தனிச் சந்தோஷம் இருந்தது.

ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வயிற்று வலியைப் பல மாதமாகச் சோடா குடித்தே சமாளித்துக்கொண்டிருந்தவர் அவர். இல்லாத நேரத்தில் மெயில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். லீவில் இருக்கிறவருக்காகச் சர்வரே பதில் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, எங்கே எழுதவேண்டும் என்று காட்டினேன்.

"இதுல எழுதி வச்சா நான் இல்லாதப்ப இது பேசுமா?"

"பேசும்மா."

"அப்ப என்னைய மாதிரியே பேசட்டும்" என்று சொல்லி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். 'இன்னைக்கு லீவு. ஸ்கேன் எடுக்கப் போறேன். மதியத்துக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் யாரும் சண்டை போடாம இருங்க.' எப்போது தொடங்கவேண்டும் என்ற தேதியைப் போட்டோம். எப்போது முடியவேண்டும் என்பதை, வந்து நானே அணைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டார்.

அவர் வரவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பேச்சு நின்றது, அப்புறம் மூச்சு நின்றது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மகளுக்கு, சாதாரண வயிற்று வலிதான், பதறாதே என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது அம்மாவுக்குக் கண் மட்டும்தான் அசைந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையில் அந்தப் பெண் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு "என்கிட்ட ஒண்ணுமே சொல்லலக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். அப்படித்தான் அவள் கோயம்புத்தூரை விட்டுவிட்டுக் கேஷ் பகுதிக்கு வந்து உட்கார்ந்தாள். இன்னொரு வழக்கமும் இருந்தது என்று சொல்லலாம், ஆனால் அதை யாரும் வழக்கம் என்று நினைக்கவில்லை. மெயில் போகும் கூட்டத்திலிருந்து மேனேஜரம்மாவின் பெயரை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. முதலாளி சொல்லட்டும் என்று நான் இருந்தேன். மகள் இருக்கும்போது நாம் எப்படிச் சொல்வது என்று முதலாளி இருந்தார். அம்மா பெயரை எடுக்கச் சொல்லி மகள் எப்படிக் கேட்பாள்? ஆக, அவர் இறந்தபிறகும் உசிலம்பட்டி சரக்கு மேலூருக்குப் போன சேதி முதல்கொண்டு எல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, படிக்க ஆளில்லாத ஒரு மெயில் பெட்டி நிறைந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும். சில நாள் வேகமாகக் கடந்துவிடுவேன்.

போன வருடம் அந்தப் பழைய சர்வர் அடிக்கடி மூச்சுத் திணற ஆரம்பித்தது. ஊரில் எல்லாரும் மெயிலை வெளியே ஏதோ கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், நாமும் கொடுத்துவிடலாம் என்றேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம சாமான் நம்ம வீட்ல இருக்கட்டும்மா" என்றார். புதிய சர்வர் ஒன்று வந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைத்துவிட முடியாது. கொஞ்ச நாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றோடொன்று பேசிப் பழகவேண்டும். அதன்பிறகு ஒவ்வொருவர் பெட்டியாக இதிலிருந்து அதற்கு நகர்த்தவேண்டும். குடிமாறுவதைப் போலத்தான். எல்லாவற்றையும் நகர்த்தினேன். கடைசியில் மேனேஜரம்மாவின் பெட்டி மட்டும் பழையதில் நின்றது. காயலான் கடைக்குப் போகப்போகிற இயந்திரத்தில் அவரைத் தனியாக விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதையும் நகர்த்தினேன்.

மறுநாள் காலையில் ஆபீஸ் படி ஏறும்போதே மேலூர்க் கிளை அண்ணனிடமிருந்து போன். "யாத்தே, மேனேஜரம்மா மெயில் போட்டிருக்காங்கத்தா" என்றார். நான் ஏதோ பழைய மெயிலைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். "பழசா? இப்பத்தான், நான் சரக்கு மெயில் போட்ட கையோட வந்துச்சு. மதியத்துக்குள்ள வந்துருவேன்னு போட்டிருக்காங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." மேலே போய்ப் பார்த்தால் ஆபீஸே எழுந்து நின்றுகொண்டிருந்தது. மெயில் போட்ட எல்லாருக்கும் வந்திருந்தது. முதலாளி தன் அறை வாசலில் நின்று என்னையே பார்த்தார், நான் ஏதோ ஆவியைக் கூட்டிவந்துவிட்டேன் என்பதுபோல.

விஷயம் இவ்வளவுதான். அந்த வசதி ஒருவருக்கு ஒருமுறைதான் பதில் சொல்லும். அதே ஆள் எத்தனை மெயில் போட்டாலும் மறுபடி சொல்லாது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே எல்லாருக்கும் ஒருமுறை சொல்லி முடித்துவிட்டு, பழைய சர்வர் வாயை மூடிக்கொண்டது. நாங்களும் மறந்துபோனோம். யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது என்ற ஞாபகம் பழைய இயந்திரத்திலேயே தங்கிவிட்டது, பெட்டியோடு புதியதற்கு வரவில்லை. புதியதற்கு எல்லாரும் புது ஆட்கள். அது முதலிலிருந்து ஆளுக்கு ஒரு பதில் சொல்ல ஆரம்பித்தது.

மகள் எழுந்து நிற்கவில்லை. அவள் அதுவரை கேஷ் பகுதியின் பொது முகவரியில்தான் மெயில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகவரிக்கு உரிய பதில் அவள் வருவதற்கு முன்பே வந்து போயிருந்தது. புதிய சர்வரில்தான் அவள் பெயருக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தேன். அவள் பெயரில் போட்ட முதல் மெயிலுக்கு அவள் அம்மா பதில் சொல்லியிருந்தார். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். திரையைத் தொட்டும் தொடாமலும் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா இப்படித்தான் பேசுவாங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "இன்னொரு தடவ வருமாக்கா?" என்று கேட்டாள்.

வராது என்று காரணம் சொன்னேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் முதலிலிருந்து எல்லாருக்கும் சொல்லும், வேண்டுமானால் செய்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டி மறுத்தாள். "வேணாம்க்கா. அது அம்மா சொல்றதா இருக்காது. நீங்க சொல்ல வைக்கிறதா இருக்கும்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஆபீஸ் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தம் குறைந்தது. மேலூர் அண்ணன் எனக்குத் தனியாகப் போன் செய்து, "ஒரு பதில் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் நானும் ரெண்டு மூணு போட்டுப் பாத்தேன்த்தா, வரல. எம்மேல கோவமா இருப்பாங்களோ?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒரு நொடி நினைத்து, முடியாமல் போனை வைத்தேன். எனக்கும் இதில் ஒரு பைத்தியக்காரத்தனம் இருந்தது. சர்வர் வேலை முழுவதையும் வேறொரு கணக்கிலிருந்து பார்த்ததால், புதியது வந்தபிறகு என் பெயரிலிருந்து அவருக்கு ஒரு மெயிலும் போயிருக்கவில்லை. எனக்குரிய பதில் அங்கே அப்படியே இருந்தது. அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் போகவேண்டிய மெயிலைக்கூட அவர் பெயரை நீக்கிவிட்டு அனுப்பினேன். மாடிப்படியைக் கடக்கும்போது, எனக்கு ஒன்று சொல்வதற்காக அவர் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்கு வேண்டியும் இருந்தது.

பழைய சர்வர் எங்கள் கடை, கிளை ஆட்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். புதியது ஊருக்கே சொன்னது. சரக்கு அனுப்பும் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் ஒருவர், துக்கத்துக்கு மாலையோடு வந்துபோனவர், மேனேஜரம்மாவின் பதிலைப் பார்த்து அரண்டுபோய் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். முதலாளி என்னையும் மகளையும் அறைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. அவருக்கும் ஒரு பதில் வந்திருந்தது, அதை அவர் அழிக்காமல் வைத்திருந்தது எனக்குத் தெரியும். "வெளியாளு என்னம்மா நினைப்பான்? நாமளே அவங்கள அலைய விடுற மாதிரி இருக்கு. இன்னைக்கு நிப்பாட்டிருங்க" என்றார். மகள் சரி என்றாள். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீங்க இன்னும் அம்மாவுக்குப் போடலதானக்கா?"

போடவில்லை என்றேன்.

"உங்க பேர்ல நான் ஒண்ணு போட்டுக்கிறட்டா?"

கொடுக்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அவள்மேல் எரிச்சல்கூட வந்தது. இத்தனை வருடம் அந்த அம்மாவோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் கண் மட்டும் அசைந்த அம்மாவின் முன்னால் இந்தப் பெண் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

அவள் நெடுநேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு 'ரொம்ப வலிக்குதாம்மா?' என்று மட்டும் தட்டி அனுப்பினாள். மறு நொடியே பதில் வந்தது. இன்னைக்கு லீவு. ஸ்கேன் எடுக்கப் போறேன். மதியத்துக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் யாரும் சண்டை போடாம இருங்க. அவள் அதை வாய்விட்டு, அம்மாவின் இழுவையோடு படித்தாள்.

நான் குனிந்து மவுசைப் பிடித்தேன். அவள் என் கையின்மேல் கையை வைத்தாள்.

"மதியம் வரைக்கும் இருக்கட்டும்க்கா."

முதலாளி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். கீழே கடையில் யாரோ பேரம் பேசினார்கள், மூட்டை இறக்கினார்கள். மேலே எல்லாரும் வேலை பார்ப்பதுபோல் இருந்தோம். படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் படிப்பக்கம் பார்த்தோம். டீக்கடைக்காரர் வந்தார். கூரியர்க்காரர் வந்தார். சாப்பாட்டு நேரம் ஆனது, யாரும் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி மேற்கே இறங்கத் தொடங்கியது.

அவள் தன் இடத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள்.

"இனிமே வரமாட்டாங்கக்கா. நிப்பாட்டிருங்க" என்றாள்.

நிறுத்தினேன்.