பீர்க்கன்கரணையில் முப்பது வீடுகள், ஒரு சாக்பீஸ்

முதலில் மன்னித்துவிடுங்கள். மற்றவர்களின் பயணக் கட்டுரைகளுக்குப் பின்னூட்டம் போடக்கூடக் கூச்சப்படுகிற நான், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் போய்வந்ததைப் பயணம் என்று எழுத வந்திருக்கிறேன். கொடைக்கானல், கோவா என்று எல்லோரும் எழுதுகிற இடத்தில் பீர்க்கன்கரணை! ஆனால் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் முதுகலை, முதலாண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா, நர்ஸுக்கா?" என்று கேட்பவர்களிடம், "ரெண்டுக்கும் நடுவுல" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

முதல் பருவத்தில் கள ஆய்வு உண்டு. இரண்டிரண்டு பேராகப் போய், முப்பது வீடுகளில் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள், அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். கொடுப்பது ஒரே நாள். முப்பது படிவம் வராவிட்டால் அடுத்த ஆண்டுதான் மறுபடியும் செய்ய முடியும். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைக்கூட நான் அதுவரை தட்டியதில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் காலை 7.10 மின்சார ரயில். டிக்கெட் ஏழு ரூபாய். 7.48க்குப் பெருங்களத்தூர். என்னோடு ஆய்வு செய்யும் ரெஹானா அங்கே காத்திருந்தாள். தாம்பரத்தில் அவள் அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்து பழகியதால் யாரிடமும் பேசுவாள். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு ஐந்து ரூபாய்.

"ஏரிக்கரைல யார் வூட்டுக்குமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"முப்பது வீட்டுக்கு, அண்ணா."

"இன்னாமா, கல்யாணப் பத்திரிகையா?"

ரெஹானா சிரித்தாள். நான் படிவங்களை இன்னொரு முறை எண்ணினேன்.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஏரிப் பக்கம் எட்டு நிமிட நடை. ஏரியில் பாதி ஆகாயத்தாமரை, மீதியில் கொக்குகள். தெருவில் வீட்டுக்கு வீடு நீல டிரம், வாயில் பழைய சேலைத் துணி கட்டியிருந்தது.

கதவோரம் சாக்பீஸால் எண் எழுதுவது எங்கள் வேலையின் வழக்கம். அதே வீட்டுக்கு இரண்டாம் முறை போய்விடாமல் இருக்கத்தான். பேசி, அனுமதி வாங்கி, படிவம் நிரப்பி, கிளம்பும்போது எழுத வேண்டும். "ஆளுக்குப் பதினஞ்சு வீடுடி. பேசிடுவல்ல?" என்றாள் ரெஹானா. "முதல்ல நம்பர் போட்டுட்டு வந்துடறேன்" என்றேன். எழுதுவதற்கு வாயைத் திறக்க வேண்டாமே! 8.25 முதல் 8.40 வரை, ஒன்றிலிருந்து முப்பது வரை, அழகாக வட்டம் போட்டு எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தால் பன்னிரண்டாம் வீட்டு வாசலில், எண்ணை அழிக்க ஈரத்துணியோடு நாலைந்து பெண்கள். நடுவில், கழுத்தில் டெய்லர் டேப் தொங்க, மேரி அக்கா. (பெயர் பிறகுதான் தெரியும்.)

"எவன் இங்க நம்பர் போட்டுகினு போனது? எங்க அக்கா வூட்லயும் இப்டித்தான் வட்டம் போட்டு எய்தினாங்க. ரெண்டு மாசத்துல வூடே இல்ல!"

அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கரையில் குடியிருப்பவர்களுக்குச் சுவரில் எண் விழுந்தால், வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பொருள். எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. ரெஹானா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வெள்ளையாக இருந்தது என் கைதான்.

"நான்தான் எழுதினேன், அக்கா."

"நீயா? பூனையாட்டம் கீற, முப்பது வூட்டையும் இடிக்க வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள், கோபம் மட்டும் போகவில்லை. மனப்பாடம் செய்துவந்த அறிமுக உரை மொத்தமும் மறந்துவிட்டது. "வீட்டைப் பாக்க வரல அக்கா, டிரம்மைப் பாக்க வந்தோம்" என்று மட்டும் சொல்லி, அவரிடம் கேட்டுக்கொண்டு துணியை விலக்கி டார்ச் அடித்தேன்.

"இருக்கு! இருக்கு!" என்று கத்தியது நான்தானாம். ரெஹானா இன்னும் நடித்துக் காட்டுகிறாள்.

"அய்யே, இன்னாடி இது, டான்ஸ் ஆடுது!" மேரி அக்கா டிரம்முக்குள் தலையை விட்டார். "ஏய், அடுத்து எங்க வூடுன்னு க்யூல நிக்காதீங்க. மொதல்ல இந்தப் பொண்ணு போட்ட நம்பரை அதுவே அழிக்கட்டும்."

அழித்தேன். ஈரத்துணியோடு ஒவ்வொரு வாசலாக நின்று, "தப்பா எழுதிட்டேன், அழிக்க வந்தேன்" என்றேன். என்ன ஆச்சரியம், கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது! மன்னிப்புக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டார்கள், டிரம்மைத் திறந்தார்கள், ஒரு வீட்டில் இட்லியே கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அதற்குப் பதில் முப்பத்தொன்றாம் வீடு. 1.50க்கு முப்பது படிவமும் முடிந்தது. பதினாறு நான் பேசி நிரப்பியவை!

இதே படிப்புக்கு வருகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் தெருவுக்குள் போய்விடுங்கள், பிறகு பாதி வீடு பூட்டியிருக்கும். டார்ச், குடை, தண்ணீர் கட்டாயம். போக வர எனக்கு மொத்தம் இருபத்துநான்கு ரூபாய். சாக்பீஸைக் கடைசியில் எடுங்கள். அந்தச் சுவரில் அதற்கு முன் யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கிளம்பும்போது மேரி அக்கா சொன்னார்: "வர்றவங்க எல்லாம் எய்திகினு போறாங்க. எத்தினி வூட்ல புழு, இன்னா பண்ணணும்னு எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல. நீ வருவியா?"

"வர்றேன், அக்கா." ரெஹானாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணி, அந்தத் தெரு முனையில். எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதை முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதவில்லை. ரெஹானா அன்று ஆம்பூரில் உறவினர் கல்யாணத்துக்குப் போகிறாள். தெரு முழுக்க ஆட்கள் நிற்க, தனியாக நின்று நான் பேசியதே இல்லை.

எழுத ஆரம்பித்ததிலிருந்து தொண்டையில் நின்றதை இப்போது கேட்டுவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கிற அக்கா யாராவது ஒருவர் வர முடியுமா? நீங்கள் எதுவும் பேச வேண்டாம். எனக்கு முகம் தெரிகிற இடத்தில் நின்று, நான் தடுமாறும்போது தலையை மட்டும் ஆட்டுங்கள்.