உங்களைக் கூப்புடலீங்க

போன வாரம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஏனுங்க!" என்றது. சட்டென்று திரும்பினேன். என்னோடு இன்னும் சில ஆண்களும் திரும்பினார்கள். கோயமுத்தூரில் அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை புருஷன்மார்கள். அந்த அம்மா கூப்பிட்டது, தண்ணீர் பாட்டில் வாங்கப் போன தன் வீட்டுக்காரரை. மற்றவர்கள் அசடு வழிந்துவிட்டு பஸ்ஸைப் பார்த்தோம். எனக்கு மட்டும் அந்தக் குரலோடு கருவேப்பிலை பொரிகிற வாசனையும் சேர்ந்து வந்தது.

என் மனைவி வெள்ளகோவில்காரி. சமைத்துக்கொண்டேதான் ஜெபம் செய்வாள். தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே "ஏனுங்க" என்று கேட்கும். முகத்தில் பாதி சோப்போடு ஓடிப்போய், "என்னம்மா?" என்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்களைக் கூப்புடலீங்க" என்பாள். கூப்பிட்டது இயேசுவை. கலியாணமான புதிதில் இப்படி எத்தனை தரம் ஏமாந்திருப்பேனோ!

நானோ திருநெல்வேலிப் பக்கம். அப்பா நடத்திய குடும்ப ஜெபத்தில் வளர்ந்தவன். முழங்கால் போட்டு 'நீர்', 'உம்முடைய', 'தேவரீர்' என்று ஆரம்பித்தேன் என்றால் இட்லி ஆறிப்போகும். மூச்சுவிடாமல் ஜெபிப்பவன் என்று சபையில் எனக்குப் பெயர் வேறு. பம்பு கம்பெனியில் ஷிப்டு முடிந்ததும் உபவாசக் கூட்டம், எழுப்புதல் கூட்டம் என்று அலைவேன். என் ஆசையெல்லாம் ஒன்றுதான், நண்பரே. அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு தடவையாவது எனக்குத் தோன்ற வேண்டும். தோன்றவே இல்லை. இவளோ அடுப்படியில், மாவு பொங்காததையும் தங்கச்சிக்கு வரன் அமையாததையும் கூடவே நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல் அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஆண்டவர்ட்ட இப்பிடியா பேசுவாங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"மருவாதியாத்தானுங்க பேசறேன். 'நீர்'னு சொன்னா எட்டத்துல இருக்கறவங்களக் கூப்புடற மாதர இருக்குதுங்க. ஊட்டுக்குள்ள இருக்கறவங்கள 'ஏனுங்க'ன்னுதானுங்களே கூப்புடோணும்?"

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் முயன்று பார்த்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக, "ஏனுங்க" என்றேன். அடுப்படியிலிருந்து உடனே பதில் வந்தது. "கூப்டீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி 'நீர்' என்று ஆரம்பித்து, வழக்கமான இடத்தில் ஆமென் போட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது சபையில் பெரிய ஸ்பீக்கர், பாட்டு வரிகளுக்குத் திரை எல்லாம் வந்துவிட்டன. ஜெபிக்கிறவர்கள் எல்லோருடைய குரலும் ஒன்றுபோல் கேட்கிறது. வீட்டில் கருவேப்பிலை வாங்குவதே இல்லை, எனக்கு வைக்கத் தெரிந்தது கஞ்சிதான். அவள் போனபிறகு ரெண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படியில் போய் நின்றேன். "ஏனுங்க" என்றேன். "கூப்டீங்களா?" என்று எந்தப் பக்கமிருந்தும் குரல் வரவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. இந்தத் தடவை 'ஒண்ணுமில்ல' என்று சொல்லத் தோன்றவில்லை.

"அவ இல்லாம முடியலீங்க" என்றேன்.