சைக்கிளில் வந்த பஷீர் பாய்

திருவொற்றியூரில் நான் கைரோபிராக்டிக் கிளினிக், அதாவது முதுகு, இடுப்பு வலிக்குக் கையால் சிகிச்சை செய்யும் கிளினிக், திறந்து மூன்றாவது வாரம். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு பஷீர் பாய் உள்ளே வந்தார். வயது ஐம்பத்தெட்டு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டுக்கு சூப்பர்வைசர். வீடு தண்டையார்பேட்டை.

"அஞ்சு நிமிசம் நடந்தா இடுப்புல வலி எடுத்து, ரெண்டு காலும் மரத்துப் பூடுது மேடம். எங்கியாவது குந்தினாத்தான் சரியாவுது."

"அப்ப சைக்கிள்ல எப்படி வந்தீங்க?"

"அதுல ஒண்ணுமே தெரியல. ஜோராத்தான் கீது."

காலைத் தூக்கிப் பார்த்தேன். ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்த்தேன். எதுவும் சிக்கவில்லை. அத்தனை தூரம் பெடல் மிதிப்பவருக்கு ஐந்து நிமிடம் நடக்க முடியாதா? கேஸ் ஷீட்டில் 'வலியைக் கூட்டிச் சொல்கிறாரோ' என்று எழுதி, பெரிய கேள்விக்குறியும் போட்டேன். அப்போது எனக்கு அனுபவம் குறைவு, தைரியம் ஜாஸ்தி.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வூட்டுக்காரம்மாவோட சூப்பர் மார்க்கெட் போனா, அந்தத் தள்ளுவண்டிய புட்ச்சிகினு எம்மா நேரம் வேணா சுத்துவேன் மேடம். கைய வுட்டு நிமிந்தா வலி வந்துடுது."

எனக்குப் பொறி தட்டியது. லம்பார் கெனால் ஸ்டெனோசிஸ்! முதுகுத்தண்டுக்குள் நரம்புகள் இறங்கும் பாதை குறுகிப்போவது. நிமிர்ந்து நடந்தால் அது இன்னும் இறுகும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விரியும். சைக்கிளானாலும் தள்ளுவண்டியானாலும் பாய் குனிந்துதானே இருந்தார்! எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டும் அதையே சொன்னது.

"வேலைய வுட்டு நிறுத்திடுவேன்னு மொதலாளி சொல்லிகினு கீறாரு மேடம். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று கேட்டு, மறுநாள் அவரையே அழைத்து வந்தார் பாய்.

முதலாளி வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "இன்னா மேடம் இது? சைக்கிள் மட்டும் ஓட்டுறாரு. யார்டுல நாலு எட்டு வெச்சா குந்திகிறாரு. டபாய்க்கிறாரா இல்லியா?"

வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. கிளினிக் முன்னால் இருந்த சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக பாயை நிமிர்ந்து நடக்கச் சொன்னேன். நாலாவது சுற்றில் முகம் சுருங்கி, படியில் உட்கார்ந்துவிட்டார். சற்று ஆறியதும் எங்கள் வீல்சேரை வெளியே உருட்டி வந்து, முதலாளியை அதில் உட்காரச் சொன்னேன்.

"நானா?"

"நீங்கதான் சார். பாய், குனிஞ்சு தள்ளுங்க."

பாய் தள்ளினார். ஐந்து சுற்று. பத்து சுற்று. தெருவே வேடிக்கை பார்த்தது. பாய் நிற்பதாக இல்லை.

"போதும்யா, தல சுத்துது, எறக்கி வுடு!" என்று முதலாளிதான் கத்தினார். இறங்கியதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நாளைலேர்ந்து யார்டுக்குள்ளயும் சைக்கிள்லயே சுத்து பாய்" என்றார்.

அதன்பின் வாரம் இரண்டு நாள் சிகிச்சை. வீடியோக்களில் வருவதுபோல் 'மடக்' என்று சொடுக்கு எடுக்கவில்லை. இடுப்புப் பக்கம் கீழே இறங்கும் டேபிளில் குப்புறப் படுக்கவைத்து, மெதுவாக இழுத்து இழுத்து விடுவதுதான். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சிகள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: "குறுகின பாதையை என் கையால அகலமாக்க முடியாது பாய். வலியைத்தான் குறைக்கப் பார்க்கிறேன். கால் துவண்டாலோ, மூத்திரம் போறதுல சிக்கல் வந்தாலோ, இங்க வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

இரண்டு மாதத்தில் ஐந்து நிமிட நடை இருபது நிமிடமானது.

கடைசி நாளன்று மனசு கேட்கவில்லை. "முதல் நாள் நானும் உங்களை நம்பலை பாய்" என்றேன்.

அவர் சிரித்தார். "வுடுங்க மேடம். எல்லாரும் சொல்லிச் சொல்லி, நடிக்கிறோமான்னு எனக்கே டவுட்டு வந்துச்சு. அன்னிக்கி வீல்சேர் தள்ளும்போதுதான், நான் பொய் சொல்லலன்னு எனக்கே தெரிஞ்சுது."

அன்றிலிருந்து என் கேஸ் ஷீட்டில் நோயாளியின் பேச்சுக்குப் பக்கத்தில் நான் கேள்விக்குறி போடுவதில்லை. புரியவில்லை என்றால், இன்னொரு கேள்வி கேட்கிறேன்.