பின்பாரம்

நான் வேலை பார்க்கும் பட்டறை துவாக்குடியில் இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர், தண்ணீர்த் தொட்டி, நடமாடும் டிபன் கடைக்கான கூண்டு என்று இரும்பை வெட்டி ஒட்டிச் செய்யக்கூடிய எதையும் செய்வோம். அங்கே எனக்கு முதலில் கிடைத்தது பில் போடும் மேசை. எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தவளை ஏன் பில் போட வைக்கிறீர்கள் என்று கேட்டால் முதலாளி, "டிசைன் பாக்க அனுபவம் வேணும்மா" என்பார். டிசைன் பார்க்க விட்டால்தானே அனுபவம் வரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வையம்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு குணமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கதவு சாத்தியிருந்தால் காற்றுக்காகச் சாத்தியிருக்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. எனக்காகத்தான் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைப்பேன். பல இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

பில் மேசையிலிருந்து எழுந்திருக்க ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வழி வந்தது. பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், தன் மின்சாரக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு கேரவன் வேண்டும் என்று கேட்டு வந்தார். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்குக் கொண்டுவரும் பஸ் மாதிரி இல்லை. இதற்கு இன்ஜின் கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு படுக்கை, ஒரு கழிப்பறை, பின்பக்கம் ஒரு குட்டிச் சமையலறை, அவ்வளவுதான். அவர் மனைவி வெளியில் சாப்பிட மாட்டார். வெளித்தண்ணீர் பல்லில் படாது. பாண்டிநாட்டுப் பெருமாள் கோயில்களை ஒரு சுற்று சேவித்துவிட வேண்டும் என்கிற ஆசையை அந்த மாமி வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேஸ்திரி சிரித்தார். "பேட்டரி காரு தன்னையே இழுக்க மாட்டாம இழுக்குது. அதுக்குப் பின்னாடி வீட்ட வேற கட்டி விடணுமா?"

அவர் நினைத்தது தப்பு. இழுப்பதில் மின்சாரக் கார் சூரப்புலி. நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தையும் கொடுக்கும். எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதுதான் கஷ்டம். தனியாகப் போனால் மதுரைக்குப் போய்த் திரும்பிவிடுகிற கார், பின்னால் ஒரு பெட்டியைக் கட்டியதும் பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். பெட்டியின் நெற்றியில் மோதும் காற்றே சார்ஜைத் தின்றுவிடும். நான் கணக்குப் போட்டேன். கூரையின் உயரத்தைக் குறைத்து, முன்பக்கத்தைச் சரிவாக்கி, இரும்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போட்டால், ஸ்ரீரங்கத்திலிருந்து அழகர்கோயில் அடிவாரம் வரைக்கும் ஒரே சார்ஜில் போய்விடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"போச்சுன்னா டிசைன் மேசை உனக்கு" என்றார் அவர். "போகலைன்னா நீ மறுபடி பில்லு. வண்டிய எவனாவது டிபன் கடைக்காரன் தலையில கட்டிடறேன்."

ஒரே சார்ஜ் என்பது மாமி வைத்த நிபந்தனை. மதுரை ரோட்டில் நான் விசாரித்தவரை, சார்ஜ் போடும் இடமெல்லாம் பிரியாணி ஓட்டல் வாசலில்தான் இருந்தது. அதுவும் ஒரு கார் மூக்கை நுழைத்து நிற்கும் அளவு இடம்தான். கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுக் காரை மட்டும் உள்ளே விட வேண்டும். மாமி தன் வீட்டுப் பெருமாளையும் கூடவே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வருவதாக இருந்தார். "பெருமாளை வச்சுண்டு அந்த வாசல்ல ஒரு மணி நேரம் நிக்கச் சொல்றயா?" என்று பட்டறைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

கேரவன் தயாராகி ஸ்ரீரங்கத்துக்குப் போனது. சாமான்களை ஏற்றி வைக்கச் சில நாள் அவர்களிடம் விட்டோம். சோதனை ஓட்டத்தன்று விடியற்காலையில் நான் உத்திர வீதியில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கார் வாசலில் நின்றது, பின்னால் என் கேரவன். ஒயரிங்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சமையலறைக் கதவைத் தொட்டேன். பூட்டியிருந்தது.

"அங்க வேண்டாம்மா" என்றார் மாமி. "மடியா இருக்கு."

"நான் மாட்டின சுவிட்சுதான் மாமி. ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"நன்னாத்தான் எரியறது. பெருமாள் எழுந்தருளியாச்சு."

சாவி அவர் இடுப்பில் இருந்தது. அந்தக் கதவின் கீல் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தவள் நான். பிறகு காபி வந்தது. சாருக்கு டபரா டம்ளர், எனக்குப் பேப்பர் கப். "பாத்திரமெல்லாம் உள்ள வச்சாச்சு" என்றார் மாமி. சாருடைய டபராவை மட்டும் எப்படி வைக்காமல் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. காபி நன்றாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

சார் ஓட்டினார், மாமி முன்னால், நான் பின் சீட்டில். காவிரிப் பாலம் தாண்டி, ஊரைக் கடந்து, மதுரை ரோட்டைப் பிடிக்கும்வரை இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காரின் திரை காட்டியது என் கணக்கோடு ஒத்துப்போனது. அதன் பிறகு கணக்கைவிட வேகமாக இறங்க ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது இறங்கினால் சரி, சமதளத்திலும் இறங்கியது. லாரி எங்களைத் தாண்டும்போதெல்லாம் கேரவன் வாலை ஆட்டியது. சார் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்னா, ஆடறதே?" என்றார் மாமி.

"காத்து" என்றார் சார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே.

வெளியே பார்த்தேன். ரோட்டோரத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

எனக்கு மேஸ்திரி மேல் சந்தேகம் வந்தது. பின்பக்கச் சமையலறைத் தடுப்புக்கு அலுமினியம் போடச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒரு பொண்ணு வரைந்த படத்துக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பில் பழைய இரும்புத் தகட்டை வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டாரோ? போன் போட்டேன்.

"அண்ணே, பின்னாடி தடுப்புக்கு என்ன தகடு போட்டீங்க?"

"ஏன், தங்கத்துல போடச் சொன்னியா?"

"வண்டி கனமா இருக்குண்ணே. உண்மையச் சொல்லுங்க."

"அப்படியே ரோட்டோரம் நிறுத்தி, தகட்டக் கழட்டி எடை போட்டுப் பாரு தாயி. இரும்பா இருந்தா எங்கிட்ட கொண்டாந்து குடு, உம் முன்னாடியே கடிச்சுத் தின்னுறேன்." போனை வைத்துவிட்டார்.

மாமி திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சாரும் ஏதோ தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். 'தீர்த்தம்' என்று ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. கோயில் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

விராலிமலைப் பக்கத்து டோலில் எங்களை ஓரம் கட்டினார்கள். எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பூத்தில் இருந்தவர் இறங்கி வந்து கேரவனைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் திரையை வெளியிலிருந்தே உற்றுப் பார்த்தார்.

"உள்ள யாரு சார்?"

"யாருமில்லே. பெருமாள் மட்டும்தான்."

"பெருமாள்னு ஒருத்தர் இருக்காரா? இறங்கச் சொல்லுங்க."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. சார் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இறங்கி இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நின்றேன். கேரவனிலிருந்து நீண்டு வந்து காரின் கொக்கியைக் கவ்வும் இரும்புத் தண்டை, மாட்டுவண்டிக்குச் சொல்வது போல, நாங்கள் ஏர்க்கால் என்போம். அது காரை லேசாகக் கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி வால் ஆட்டாமல் பின்னால் வரும். இங்கே ஏர்க்கால் மூக்கை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. காரின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து எழும்பி நின்றது. பின்னால் பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழுமே, அதே நிலைமை. பின்பாரம். தகடு மாறியதால் இவ்வளவு தூக்காது. நாலைந்து ஆட்களைப் பின்னால் உட்கார வைத்தால்தான் இப்படித் தூக்கும். பின்னால் இருந்தது பூட்டிய சமையலறை.

டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"மாமி, சமையலறையில என்ன வச்சிருக்கீங்க?"

"சமையலறையில என்ன வைப்பா? தளிகை சாமான்."

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணும் கனமில்லே."

"அப்ப கதவைத் திறங்க. நான் உள்ள வரலை, வெளியவே நின்னு பாக்கறேன்."

"அதான் சொன்னேனே" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சார் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கேட்கும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கேட்டால் மாமி முகம் சுளிப்பார், சார் முதலாளிக்குப் போன் போடுவார் என்று தெரிந்தேதான் கையை நீட்டினேன். "இப்படியே போனா துவரங்குறிச்சி தாண்டறதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துடும். அப்புறம் பிரியாணிக் கடை வாசல்தான். நீங்களே முடிவு பண்ணுங்க."

பிரியாணி என்ற வார்த்தைக்குப் பிறகு சார் நிமிர்ந்தார். "சொல்லிடேன்டி."

சாவியை என் கையில் தரவில்லை. மாமியே போய்க் கதவைத் திறந்தார், ஒரு முழம் இடைவெளிக்கு. உள்ளே சுவரோரம் எவர்சில்வர் டிரம்கள், அவற்றின் நடுவில் பித்தளைத் தவலைகள், மேலே வெள்ளைத் துணி கட்டி, நகராதபடி கயிறு போட்டு வரிசையாக நின்றன. எல்லாம் நிறையத் தண்ணீர்.

"எங்காத்துக் கிணத்துத் தீர்த்தம். காவேரி ஊத்து" என்றார் மாமி. "பெருமாளுக்கு, தளிகைக்கு, ஸ்நானத்துக்கு, எல்லாத்துக்கும்."

"நான்தான் அச்சுக்கு நேர் மேல தொட்டி வச்சுக் குடுத்திருக்கேனே?"

"பிளாஸ்டிக். அது கை கால் அலம்பறதுக்கு. அதையும் ரொப்பியாச்சு."

"ஒரு நாள் ஓட்டத்துக்கு இவ்வளவா?"

"நாளைக்கு நிஜமாப் போறச்சே இவ்வளவு வேணும். இன்னிக்கு இல்லாம ஓட்டிப் பாத்தா அது என்ன பரீட்சை?"

நான் பட்டறையில் எந்த வண்டிக்குச் சோதனை எழுதினாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமி."

"சொன்னா நீ வேண்டாம்பே. படிச்ச பொண்ணு, கணக்கெல்லாம் காட்டி இவரை உன் பக்கம் இழுத்துண்டுடுவே."

அதாவது அவரும் என்னைச் சந்தேகித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்தது மடிக்காகவா, பெருமாளுக்காகவா, இல்லை நான் தண்ணீரைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவா? கேட்டிருந்தால் மூன்றுக்கும் ஆமாம் என்றிருப்பார். நான்காவது காரணம் ஒன்று இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்கு அவர் ஆமாம் சொல்லப்போவதில்லை.

இரண்டில் ஒன்று. தண்ணீரைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெருமாளோடு பிரியாணி வாசலில் நிற்க வேண்டும். மாமி கதவை முழுசாகத் திறந்துவிட்டார். டீக்கடைக்காரம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மா, தண்ணியா? எங்கிருந்து?"

"ஸ்ரீரங்கம். காவேரி."

"எங்க ஊரு குழாயிலயும் காவேரி தாங்க வருது. வந்தா!" என்று சிரித்தார். "கொட்டறதா இருந்தா ஒரு குடம் எனக்குக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

மாமி அவர் குடத்தைக் கேரவன் படியில் வைக்கச் சொல்லி, கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். டீக்கடைக்காரம்மாவும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. இன்னொரு குடம் கொண்டு வந்தார். பிறகு சார் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே ஏறி, டிரம் டிரம்மாக மொண்டு சிங்க்கில் ஊற்றினார். நான் மாட்டிய குழாய் வழியாகத் தண்ணீர் கேரவனுக்கு அடியில் இறங்கிச் செம்மண்ணில் ஓடியது. மாமி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நான் ஏர்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மூக்கு கீழே இறங்கிக் காரின் மேல் உட்கார்ந்தது. பெருமாளுக்கு மட்டும் ஒரு தவலை மிச்சம். அதைக்கூட முன்னால் படுக்கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னேன். மாமி சாரைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார்.

அழகர்கோயில் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையில் கொஞ்சம் தூரம் மீதியே இருந்தது. வால் ஆட்டம் இல்லை. திரும்புவதற்கான சார்ஜை, சாருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போட்டுக்கொண்டோம். முதலாளி போனில், "போய்ட்டியா? ஒரே சார்ஜா? சத்தியமா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். போட்டோ அனுப்பிய பிறகுதான் நம்பினார்.

திங்கட்கிழமை டிசைன் மேசை எனக்கு வந்தது. மேஸ்திரி ஒரு இரும்புத் துண்டை அதன் மேல் வைத்து, "கடிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேசை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. மாமி சொன்ன பரீட்சையில் அந்த வண்டி தேறவில்லை. அது முதலாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் அந்த மேசையில் நான் முதலில் வரைந்தது அதே கேரவனைத்தான். சமையலறையை முன்பக்கம் கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துவிட்டு, அச்சுக்கு நேர் மேலே எவர்சில்வரில், மாமியே கைவிட்டுக் கழுவும்படியாக ஒன்றை வைத்தேன். கொள்ளளவைப் பாதியாகக் குறைத்தேன். பாதிக்கு மாமி சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அதற்கு அவரோடு தனியாகச் சண்டை போட வேண்டும்.

வெளிச்சுவரில் ஒரு கண்ணாடிக் குழாயும் வரைந்திருக்கிறேன். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ரோட்டில் நிற்பவருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்த சார், "இது எதுக்கு?" என்றார்.

"பாதுகாப்புக்கு சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.