கடல்மேல் போட்ட பழி

இந்த நாட்டில் டாக்டர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. கதிரையை அருகில் இழுத்துப் போட்டு, "இந்தக் குளிசையா, அந்தக் குளிசையா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, படித்தது நீங்களா நானா என்று திருப்பிக் கேட்க வாய் உன்னும். மன்னாரில் டாக்டர் நிமிர்ந்து பார்க்குமுன்னே மருந்துத் துண்டு கைக்கு வந்துவிடும். நாங்களும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருவோம்.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதை நாற்பது கடந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கவனம் ஓரிடத்தில் தரித்து நிற்காத குறைபாடு. எங்கள் ஊரான பேசாலையின் பள்ளிக்கூடத்தில் அதற்குக் குரங்குப் புத்தி என்று பெயர், மருந்து பிரம்பு. இங்கே வேலை செய்த மீன் தொழிற்சாலையை விட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசைப்பட்டுப் படித்தேன். இரண்டு தடவையும் பரீட்சையில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மருந்து எடுத்தால் இருந்து எழுதலாம் என்றார்கள். ஆனால் அந்த மருந்து நாடித் துடிப்பைக் கூட்டுமாம். எனக்கோ ஏற்கெனவே படபடப்பு, மயங்கி விழுந்த கதையும் உண்டு. இதயம் சம்மதித்தால்தான் குளிசை என்று இதய டாக்டரிடம் அனுப்பிவைத்தார்கள்.

அவர் நரைத்த தலையுள்ள, அவசரமே இல்லாத பெண்மணி. "உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். அது பொய்யல்ல. எங்கள் கரையில், கடலில் போனவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களைக் கடல் எடுத்தது, அவ்வளவுதான். நோய் வேறு, கடல் வேறு.

அதோடு வாயை மூடியிருக்கலாம். யன்னலுக்கு வெளியே, ஃபியோர்ட் என்னும் கடற்கழித் தண்ணீரில் பிள்ளைகள் குதித்து விளையாடியதைக் கண்டதும் என் பேச்சு அங்கே தாவிவிட்டது. அம்மாவின் தம்பி அந்தோனி மாமா இப்படித்தான் குதிப்பார், அவரைப்போல நீந்த ஊரில் ஆளில்லை என்று அளக்கத் தொடங்கினேன்.

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"கடல் எடுத்துவிட்டது."

"நல்ல நீச்சல்காரர் என்றீர்களே?"

"ஓம். அலையே இல்லாத நாள். வலை கல்லில் சிக்கிவிட்டது, எடுக்கக் குதித்தவர் மேலே வரவில்லை. கலியாணம் செய்து கொஞ்ச வருடம்தான்."

அவர் பேனையை வைத்துவிட்டார். சிலருடைய இதயத்தில் மின்னோட்டம் பிசகும் பிறவிக் குறை உண்டாம். தண்ணீரில் குதிக்கும் அந்தக் கணத்திலேயே தாளம் தப்பி மயங்கிவிடலாமாம். என்னை இயந்திரப் பட்டியில் ஓடவிட்டும் இரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். அந்தக் குறை என்னிடம் இருந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் எடுத்த அம்மாவின் ஈசிஜியிலும் இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் பிழைத்தவள்.

முதலில் இதயத்தை அடக்கும் குளிசை. அது ஒத்துக்கொண்ட பிறகு, கவனத்துக்கான மருந்து மிகக் குறைந்த அளவில், அடிக்கடி பரிசோதனையோடு. மூன்றாம் தடவை பரீட்சையில் கடைசிவரை இருந்தேன். சந்தோசத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் பெரிய வேலை ஒன்று மிச்சமிருந்தது. அப்படிப்பட்ட நீச்சல்காரன் குளம்போலக் கிடந்த கடலில் செத்தால் ஊர் சும்மா இருக்குமா? குடித்துவிட்டு இறங்கினான் என்றது. அந்தப் பேச்சுக்குக் கீழேதான் மாமி மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தா. கோயில் பூசையிலும் கடைசி வாங்குப் பலகையில்தான் இருப்பா. அவவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளையள் மூண்டு பேருக்கும் உடனை ஈசிஜி எடுக்க வேணும் மாமி. மாமாவுக்கும் இதுதான் நடந்திருக்கலாமாம். ஆனா உறுதியாச் சொல்ல ஏலாதாம்."

மாமி உடனே பதில் சொன்னா.

"பிள்ளையளை நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன். மற்றது, உறுதி எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. கரையில கிடத்தேக்க வாயை மணந்து பாத்தவள் நான். அவர் குடிக்கேல்ல. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லயே."

பிள்ளைகளில் நடுவிலாளுக்கு அதே குறை இருந்தது. இப்போது அவளும் குளிசை எடுக்கிறாள், நலமாக இருக்கிறாள்.

போன கிழமை மாமாவின் ஆண்டுப் பூசை. அங்கே பின்னேரம், எனக்கு மத்தியான இடைவேளை. முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறையில் கைபேசியைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்துப் பூசையை நேரலையில் பார்த்தேன். மாமி முதல் வாங்கில் இருந்தா. பூசை வைத்த சுவாமியார் மாமாவின் பெயரை வாசித்ததும், அவ எழும்பி நின்று திரும்பி, பின்னாலிருந்த சனத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தா. பிறகு இருந்தா. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரைப் பார்க்கிறாய் என்று கூட வேலை செய்பவள் கேட்டாள். நான் பேசாலைச் சனத்தோடு சேர்ந்து ஆமென் சொல்லி, நோர்வே டாக்டர் தந்த குளிசையை விழுங்கினேன்.